எட்டுப் பக்கம்

அஸ்டெக் குகை வாசலில்
தீக்குச்சி கிழித்தபடி நிற்கிறான் கௌபாய்,
பதினோரு வருடமாக.
அதற்குமேல் என் புத்தகத்தில் தாள் இல்லை.

சிவாஜிநகர், ரஸல் மார்க்கெட் பின்சந்து.
பழைய பேப்பர் கடைத் தராசில்
அதே தொப்பி, அதே குதிரை,
கிழிந்த எட்டுப் பக்கம்.

"எவ்வளவுண்ணே?"
"அது விக்கிறதுக்கில்ல" என்றார் இருதயராஜ்.
"முன்பக்கம் எங்கிட்ட இல்ல.
புதையல் கெடக்கட்டும்,
இவன் இடது கண்ணு எப்படிப் போச்சு?
அது தெரியாம நானும் எத்தனை நாள்தான்..."

பைக்குள் போன என் கை
அப்படியே நின்றது.
குகை வாசலில் அவனுக்கு
இரண்டு கண்ணும் இருந்தனவே.

ஷட்டர்மேல் பெங்களூர் மழை.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்,
துப்பாக்கி உருவப்போகிறவர்களாக.

பிறகு அவர் லுங்கியை மடித்துக் கட்டினார்.
"அந்த மூலையில
பிரிக்காத மூட்டை ஆறு இருக்கு."