மூன்றாம் மாடிக்குச் சொல்ல வேண்டியது

முதல் இரவு, சமையலறைக்குள்
வாத்து ஒன்று புகுந்துவிட்டது என்றே நினைத்தேன்.
கரகரத்த கத்தல். பிறகு ஓங்கரிப்பு.
தரையில் ஒரு கரண்டி வெள்ளை நுரை.
விளக்கைப் போட்டால்
வாலாட்டியபடி நிற்கிறது பூரோ.
எங்கள் மொழியில் பூரோ என்றால் கஞ்சி;
அந்த நிறம் அதற்கு.

எலும்பு சிக்கியிருக்கும் என்று
வாயைப் பிளந்து டார்ச் அடித்தேன்.
ஒன்றுமில்லை. மீன் வாடை மட்டும்.

காலையில் தொலைபேசியில் மருத்துவர் வீர்வா:
"போன வாரம் எங்காவது விட்டுவைத்தீர்களா?"
ஆம். லாஹ்தியில் ஒரு திருமணம்.
நான்கு நாள் நாய் விடுதி,
பதினோரு நாய்கள், ஒரே தண்ணீர்த் தொட்டி.
"உள்ளே கொண்டுவராதீர்கள். காரிலேயே இருங்கள்."

குவோபியோவில் அன்று
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
பின்னிருக்கையில் குனிந்து
தொண்டையை இரு விரலால் லேசாக அழுத்தினாள்.
உடனே வாத்து கத்தியது.
"இதேதான்" என்றாள்,
பழைய கடன்காரனைக் கண்டதுபோல.

கழுத்துப்பட்டை வேண்டாம், மார்புப்பட்டை போடுங்கள்.
குளியலறையில் வெந்நீரைத் திறந்து ஆவியில் பத்து நிமிடம்.
சௌனா கூடாது
(நான் கேட்கவில்லை; எல்லோரும் கேட்பார்களாம்).
உங்கள் இருமல் மருந்தை ஊற்றாதீர்கள்.
தின்ன மறுத்தால், மூக்கில் பச்சைச் சளி வந்தால்,
சும்மா படுத்திருக்கையில் விலா ஏறி ஏறி இறங்கினால்
நடுராத்திரி என்றாலும் கூப்பிடுங்கள்.
இரண்டு வாரம் எந்த நாயோடும் மூக்குரசல் இல்லை.

மூக்கு.
அங்கேதான் என் வயிறு கலங்கியது.

முந்தாநாள் லிஃப்ட்டில் ரூஸ்கா.
மூன்றாம் மாடி தௌனோவின் நாய்,
பதிமூன்று வயது, இதயத்துக்கு மாத்திரை.
ஆறு வருடமாக அந்தப் பெட்டிக்குள்
நாய்கள் மூச்சை மாற்றிக்கொள்ளும்,
நாங்கள் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

ஒரு காகிதம் ஒட்டினால் போதாதா?
எழுதினேன், "குடியிருப்போர் கவனத்துக்கு" என்று,
யாருடைய நாய் என்பதை மட்டும் விட்டுவிட்டு.
கிழித்தேன்.
கை கழுவி, வேறு கோட்டு மாட்டி, படியிறங்கினேன்.

கதவு ஒரு சாண் திறந்தது.
"என் நாய்க்கு இருமல். தொற்றும்.
ரூஸ்காவுக்கும் வரலாம். எங்களிடமிருந்து."
ஆறு வருடத்தில் அவரிடம் என் முதல் பேச்சு.

தௌனோ உள்ளே திரும்பினார். இருவரும் கேட்டோம்:
கடிகாரம், ஃபிரிட்ஜ், குறட்டை.
"இப்போதைக்கு இல்லை" என்றார்.
"எத்தனை நாள் பார்க்கணும்?"

இப்போது அவர் ஆறு மணிக்கு நடக்கிறார், நான் ஏழுக்கு.
இரவு பத்துக்கு வெப்பக் குழாயில் ஒரு தட்டு:
அங்கே இருமல் இல்லை.
கரண்டியால் நான் இரண்டு தட்டு:
இங்கே இன்னும் இருக்கிறது.

இன்று ஒன்பதாம் நாள். பத்தேகால்.
பூரோ ஒரே ஒருமுறைதான் இருமியது.
குழாயில் காதை வைத்திருக்கிறேன்,
சுடுகிறது.