கண்ணாடி விட்டிட்டு வந்திட்டன்

வணக்கம்.
கதிரை போதாது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ.
பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் இடிக்க இருக்கிறீர்கள்.
இரவெல்லாம் வயலில் யானைவெடி கொளுத்திவிட்டு
நேரே வந்தவர்களைக் கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது.
சுருக்கமாய்ச் சொல்கிறேன்.

நான் நிரோஜினி. தரம் இரண்டுக்குப் புதிய ரீச்சர்.
முத்தையன்கட்டுக்கு வந்து மூன்று கிழமை.
எனக்கு வாசிப்பில் விருப்பம் என்று
அதிபர் சொல்லி அறிமுகப்படுத்தினார்.
பசி கிடந்தவளைப் பார்த்து
இவவுக்குச் சோற்றில் விருப்பம் என்று
ஒருவரும் சொல்வதில்லை.

என்னுடைய தரம் இரண்டு அக்கராயனில் தொடங்கியது.
தமிழ்ப் புத்தகத்தின் பதினாறாம் பக்கம் தருமபுரத்தில்,
இருபத்தோராம் பக்கம் விசுவமடுவில்.
பிறகு பக்கமும் இல்லை, புத்தகமும் இல்லை.
மிச்சம் சொல்லத் தேவையில்லை,
உங்களில் பாதிப்பேர் அதே வீதியால் வந்தவர்கள்.

செட்டிகுளத்தில் வயதைக் கேட்டு வகுப்பில் விட்டார்கள்.
வயது வளர்ந்திருந்தது, எழுத்து வளரவில்லை.
மற்றவர்கள் வாசிக்க வாசிக்கப் பாடமாக்குவேன்.
என் முறை வந்தால்
விரலை வரிக்கு வரி நகர்த்தியபடி ஒப்புவிப்பேன்.
சொல்லி முடித்த பிறகும்
விரல் இரண்டு வரி பின்னால் நிற்கும்.
புதுப் பக்கம் திறக்கும் நாட்களில் எனக்குக் கண் நோகும்.

பத்து வயதில் ஒருநாள் தண்ணீர் வரிசை.
முன்னால் கறுப்புத் தாங்கி, அதில் வெள்ளையில் நாலு எழுத்து.
கு. டி.
குடி.
நீ. ர்.
நீர்.
தாங்கி என்னைப் பார்த்துச் சொல்கிறது:
குடி, நீர்!
அந்த முகாமில் என்னை 'நீர்' என்று மரியாதையாய்
விளித்த முதல் ஆள் அதுதான்.
'குடியும்' என்று சொல்லியிருக்க வேண்டும், இலக்கணப் பிழை,
இருந்தாலும் குடித்தேன்.
வாளி வழிய, பின்னால் நின்ற மனுசி ஏசினா.
பிழையாய் வாசித்திருக்கிறேன் என்று விளங்க
ஒரு கிழமை எடுத்தது.
ஆனாலும் வாசித்தேன்.

சரி, உங்கள் பிள்ளைகள்.
டிலக்சனுக்கும் றொசாந்துக்கும் சொல்லியிருக்கிறேன்,
ட, ற இரண்டும் தமிழில் சொல்லுக்கு முன்னால் வராதென்று
பழைய விதி ஒன்று இருக்கிறது,
நீங்கள் விதியை மீறிப் பிறந்தவர்கள் என்று.
இப்போது எல்லோருக்கும் மீற ஆசை.
யதுர்சிகா நேற்று றம்புட்டான் கொண்டுவந்தாள்.
பழத்தை இல்லை, சொல்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான்.
இரவில் பத்து நிமிடம்
பிள்ளை வாசிக்க, நீங்கள் கேளுங்கோ.
திருத்த வேண்டாம். சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம்.
"பிறகு?" என்று மட்டும் கேட்டால் போதும்.
கை அடுப்பில் இருந்தாலும் காது சும்மாதானே.

வரவுத் தாள் சுற்றிக்கொண்டிருந்தது.
கடைசி வாங்கில் ஒருவர்
அதை ஒருதரம் புரட்டி, சட்டைப்பையைத் தடவினார்.
"கண்ணாடி விட்டிட்டு வந்திட்டன், ரீச்சர்."
மூக்கில் கண்ணாடி இருந்த தழும்பு இல்லை.
அந்தக் கண்நோவு எனக்குத் தெரியும்.
"அவசரமில்லை அண்ணை" என்றுவிட்டு
ஓடாத மின்விசிறியைப் பற்றிப்
பேசத் தொடங்கினேன், கனநேரம்.

எல்லோரும் போன பிறகு தாளை எடுத்தேன்.
பதினேழாம் வரியில் பென்சிலால்:
தவருபன்.
அபிசாளினியின் கை, எனக்குத் தெரியும்,
அவளுடைய எழுத்துகள் எப்போதும் இடப்பக்கம் சாயும்.
'ரூ' வரவேண்டிய இடத்தில் 'ரு'.
சிவப்புப் பேனை கைக்கு வந்துவிட்டது.
திருத்த வேண்டாம் என்று சொன்னவள் நான்தானே,
வைத்துவிட்டேன்.

பிறகுதான் பார்த்தேன்.
முதல் எழுத்தின் மேல் மட்டும்
யாரோ நீலப் பேனையால் போயிருக்கிறார்கள்,
மண்வெட்டி பிடிப்பதுபோல் அழுத்தி,
தாளின் பின்பக்கமும் தடவினால் தெரியும்படி.
அந்தத் 'த'வின் கால்
கோட்டில் நிற்கத் தெரியாமல் இறங்கி
பதினெட்டாம் வரியில்
றொசாந்தின் அம்மாவுடைய பெயருக்குள்
போய் நின்றது.