கிளிமீன் மணல்

சென்பெனுவாவில் கிளம்பும்போது
வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.
மலை முதுகைத் தாண்டி மேற்கே திரும்பியதும்
வானத்தை யாரோ துடைத்து மாட்டியிருந்தார்கள்.
காய்ந்த புல், சப்பாத்திக்கள்ளி,
புழுதி பூசிய ஆடு இரண்டு.
பாலைவனத்தில் கடலைக் கொட்டிவிட்டார்கள் என்றேன்.
"கொட்டினதும் போதாதென்று ஊரையே கூட்டிவிட்டார்கள்,
வண்டி நிறுத்த ஒரு சாண் இடமில்லை" என்றாள் ஜோஸ்லின்.
எர்மித்தாஜில் அது எங்கள் மூன்றாவது சுற்று.

சவுக்கு நிழல் விடிகாலையே விற்றுத் தீர்ந்திருந்தது.
அண்டாவோடு சோறு, மடக்கு மேசை, சீட்டுக்கட்டு,
பாரிசிலிருந்து வந்து சிவந்துகொண்டிருந்த முதுகுகள்.
வாடகைக் கடைப் பையன் கண்ணாடியை நீட்டி,
"உள்ளே துப்பித் தேயுங்கள் மதாம், பனி படராது" என்றான்.
கையுறை இல்லாமல் கதவுப்பிடியைக்கூடத் தொடாதவள்
துப்பினேன்.
தேய்த்தேன்.
முகத்தில் மாட்டிக்கொண்டேன்.

பிறந்தது காரைக்கால்,
பிழைப்பு பதினோரு ஆண்டாக இந்தத் தீவு;
இருந்தும் கடல் எனக்குக் கணுக்கால் வரைதான்.
அன்று தலையை உள்ளே விட்டேன்.

அறுந்தது சத்தம்.
பந்து, ஒலிபெருக்கி, சீட்டுத் தகராறு எல்லாம்
ஒரே வெட்டில்.
மிஞ்சியது ஒன்று:
ஹூ...ம். ஹா...ஹ்.
யாருடையது இது?
மயக்க மருந்து கொடுத்தவர்களின் மூச்சை
ஆண்டு முழுக்கக் காவல் காப்பவள் நான்.
யார் எப்படி இழுப்பார், எங்கே தடுக்கும்,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
என்னுடையதை இப்போதுதான் கேட்கிறேன்.
கொஞ்சம் கரகரப்பு,
சாத்திய கதவைப் பிறாண்டும் பூனை போல.

அதற்கும் அடியில் வேறொரு சத்தம்,
யாரோ அப்பளம் நொறுக்குவது போல.
ஒரு கிளிமீன்.
பச்சையா நீலமா என்று முடிவு செய்யாத உடம்பு.
பவளத்தைக் கடித்தது, மென்றது,
வாலடியில் வெள்ளையாய் ஒரு புகை விட்டது.
புகை மெல்ல இறங்கி மணலானது.
விமானம் பிடித்து, அறை எடுத்து,
எண்ணெய் பூசிக் கரையில் கிடப்பவர்களே,
உங்கள் மெத்தை இதுதான்.
சிரித்தேன். குழாயில் உப்பு ஏறியது.

அதைப் பின்தொடர்ந்தேன்.
கீழே பவளங்கள் என்னைக் கடந்து போயின,
ஒரு கடல் அட்டை, ஒரு முள்ளிக் கூட்டம்,
ரயில் சன்னலில் ஊர்கள் போவது போல.
அவைதான் நகர்கின்றன என்று நினைத்தேன்.
கால் அசைக்காமலே எவ்வளவு சுகமாக நீந்துகிறேன் என்றும்.

காலைப் பிடித்து இழுத்தது ஒரு கை.
"விசில் கேட்கவில்லையா? மூன்று தரம் ஊதினார்கள்!"
நிமிர்ந்தேன்.
கரை தீப்பெட்டி அளவு.
முன்னே, பாறைச்சுவர் விட்ட வாசலில்
தண்ணீர் சுருண்டு சுருண்டு
வெளிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.
என்னையும் வரிசையில் சேர்த்துக்கொண்டு.

ஆக்சிஜன் இரண்டு புள்ளி இறங்கினால்
நாற்காலியை விட்டு எழுகிறவள்.
கரையே இறங்கியது தெரியவில்லை.

கைகோத்து, ஓட்டத்துக்குக் குறுக்கே, நீந்தியும் நடந்தும் வந்தோம்.
முட்டியில் பவளம் கீறியது. பேசவில்லை.
சமோசா வாங்கினாள். நாலுக்கு நாலு தின்றோம்.
ஐந்தாவதைப் பிட்டுக் கொடுத்தபோதுதான்
என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்:
கண்ணைச் சுற்றி இன்னும் கழற்றாத கண்ணாடியின் தடம்.
பிறகு அழுதாள்.
பிறகு, வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று
இருவருக்கும் மறந்துவிட்டது.

திங்கள் காலை, முதல் ஆள், குடலிறக்கம்.
படிவத்தில் குனிந்து கையெழுத்துப் போட்டபோது
காதிலிருந்து நாலு மணல் உதிர்ந்தது.
வெளியில் என்றால் ஊதிவிடலாம்.
இங்கே அது குற்றம்.
படிவத்தை மாற்றினேன், கையை மறுபடி கழுவினேன்.

பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னேன்.
ஏழில் அவர் போனார்.
குழாயில் மூச்சு ஏறி இறங்கியது, ஒழுங்காக.
திரையைப் பார்த்தேன், எண்கள் சரி.
பிறகு, பழக்கமில்லாத பழக்கமாய்,
நடைவழிச் சன்னலையும் ஒருதரம் பார்த்துக்கொண்டேன்:
மழை, மாமரம், சைக்கிள் கொட்டகை,
வைத்த இடத்தில்.