ஏழாம் மாடியில் ஒரு ழகரம்

காலை எட்டரைக்கு ஹெட்செட்டை மாட்டியதும்
என் பெயர் நீனா.
நிரோஜினி கீழே பார்க்கிங்கில் இருப்பாள்,
அணைத்துவிட்ட காருக்குள்
குளிர்ந்துகொண்டு.

நீனாவின் குரல் மூக்கிலிருந்து வரும்.
நீனா சிரித்துக்கொண்டே தொகையைச் சொல்வாள்.
நீனாவுக்கு ழ வராது.
அதற்கு நான் ஆறு மாதம் பழகினேன்.

உணவறைச் சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி:
'உங்களை முழுசாக வேலைக்குக் கொண்டுவாருங்கள்.'
பக்கத்தில் பழையது:
'எல்லா அழைப்புகளும் பதிவாகின்றன.'
இரண்டுக்கும் நடுவில் நின்று
தேநீரைச் சூடாக்குவேன்.

செவ்வாய்க்கிழமை, மிசிசாகா முழுக்கப் பனி கொட்டிய நாள்,
திரையில் பதினோராவது பெயர்:
புகழேந்தி முத்துக்குமாரு, பிராம்ப்டன்.
கடன் அட்டை. நாலாயிரத்து இருநூறு டொலர்.
தொண்ணூறு நாள் தாண்டிவிட்டது.

"மிஸ்டர் புகாலெண்டி?"
"யெஸ்" என்றார்,
அந்தப் பெயருக்கும் பழகியவராக.

தாளில் உள்ளபடி வாசித்தேன்.
வாசித்து முடிய முன்
போனின் வாயைக் கை பொத்துகிற ஓசை,
பொத்திய கைக்குள்ளால்:
"வெள்ளைக்காரி ஒருத்தி, காசு கேக்கிறாள்.
வேலை போட்டுது எண்டு இவளுக்கு எப்பிடியப்பா சொல்லுறது?
இங்கிலீசில சொன்னா பொய் மாதிரிக் கிடக்கு."

வெள்ளைக்காரியாகிய நான்
அடுத்த வரியில் விரலை வைத்தேன்.
வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழைக்கவும்,
என்றிருந்தது.

"மிஸ்டர் புகழேந்தி."

நாக்கு தன்பாட்டில் மேலே மடிந்தது,
என்னைக் கேட்கவில்லை.

மறுமுனையில் எல்லாம் நின்றது,
குழாய்த் தண்ணீர், டிவி, மூச்சு.
நான் கேட்டது அவருக்கும் கேட்டுவிட்டது.
ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.
ஒரு வீட்டுக்குள் சப்பாத்தோடு ஏறியிருந்தேன்.

"பிள்ளை," என்றார் மெதுவாக,
"நீங்கள் எவடம்?"

என்னிடம் பதில் இருந்தது.
நீனாவிடம் தவணைத் திட்டம் இருந்தது.
நீனாதான் பேசினாள், ஆங்கிலத்தில், தெளிவாக,
வட்டியை நிறுத்தும் விண்ணப்பத்தையும் சேர்த்து.
அதை அவர்கள் கேட்டால் மட்டுமே சொல்ல வேண்டும்.
அவர் கேட்கவில்லை.

ஓகே, ஓகே என்றார் எல்லாவற்றுக்கும்.
வைக்கும்போது நன்றி என்றார்,
உடனே 'தாங்க் யூ' என்று திருத்தினார்.

வெள்ளிக்கிழமை மதிப்பெண் தாள்.
மேற்பார்வையாளர் டெனிஸ் நல்லவர்,
கதவைச் சாத்திவிட்டுத்தான் குறை சொல்வார்.
"தொண்ணூற்றெட்டு, நீனா, அருமை.
ஒரேயொரு இடம்."
நாலாம் நிமிடத்தை ஓடவிட்டார்.
என்னை நானே கேட்டேன், ஒரு சொல் அளவுக்கு.

"இங்கே பெயரைப் பிழையாக உச்சரித்துவிட்டாய்.
முதல்முறை சரியாகத்தான் சொன்னாய்.
இரண்டு புள்ளி குறைத்திருக்கிறேன்."

கீழே கையெழுத்து, சட்டப்படியான பெயரில்.
எழுதினேன்.
தாளைத் திருப்பி வாசித்தார்,
உதடு மட்டும் அசைய,
சத்தமாகச் சொல்லவில்லை.