மூணாம் தரம்

நீடாமங்கலத்தில் மூடிய ஸ்டூடியோ ஒன்றிலிருந்து
பதினோரு லென்ஸுகளை எடைக்கு எடுத்தேன்,
அலுமினிய விலைக்கு.
பத்து போய்விட்டன. மிச்சம் ஒன்று,
ரஷ்யாக்காரன் செய்தது. கனம்.
கண்ணுக்குள் வெள்ளைப் பூஞ்சை,
ஐப்பசி ஈரத்தில் அப்பளத்தில் பூப்பது போல.

ஒரு ரூபாயில் தொடங்கு, ஈ மொய்க்கும் என்றான் கொழுந்தன்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் தொடங்கினால்
மானம் மிஞ்சும், கூட்டம் வராது.
அடிவிலையை ஒளித்துவைத்தால்
முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.
நான் நோட்டில் எழுதினேன்: நாலாயிரம்.
எழுதியதை யாருக்கும் காட்டவில்லை,
கொழுந்தனைத் தவிர.

திருவாரூர்க் கூடத்தில் பருத்திக்குச் சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவார்கள்.
நாகப்பட்டினத்தில் கூடைக்கு மேல் நின்று கூவுவார்கள்.
ஒரு தரம், ரெண்டு தரம்...
அந்த இடைவெளியில்தான் மனுஷன் மனசு மாறுகிறான்.
செல்போனில் கூவ ஆளில்லை.
ஒரு கடிகாரம், அது பின்னோக்கி ஓடுகிறது.

ஞாயிறு ராத்திரி ஒன்பது பத்துக்கு முடிவு வைத்தேன்.
சாப்பிட்டுக் கை கழுவியவன்
தாராளமாக இருப்பான் என்று கணக்கு.
ஒன்பது மணிக்கு ஆயிரத்து எண்ணூறு. அசையவில்லை.
வேளாங்கண்ணிக்குப் போன் போட்டேன்.
"சவரி, உன் பேரில் கொஞ்சம் ஏத்து."

கடைசிப் பத்து நொடி
நம்ம ஊர் ரயில்வே கேட் திறப்பது மாதிரி.
அதுவரை எஞ்சினை அணைத்துவிட்டுக் கடலை தின்றவன் எல்லாம்
ரெண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பாய்வான்.
மூவாயிரம். மூவாயிரத்து ஐந்நூறு.
ஷில்லாங்கிலிருந்து ஒருவர்: நாலாயிரம்.
என் நோட்டில் இருந்த அதே எண்.
"போதும், நிறுத்து" என்று நான் கத்துவதற்குள்
சவரிமுத்து நூறு ஏற்றிவிட்டான்.
மணி ஒன்பது பத்து.

ஜெயித்தது நாங்கள்தான்.
எங்கள் லென்ஸை எங்களுக்கே விற்றதற்கு
நூற்றுக்குப் பன்னிரண்டு கமிஷன்:
நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
"அக்கா, ஏத்தச் சொன்னீங்க, ஏத்தினேன்."
அவன் மேல் குற்றம் சொல்ல ஒரு வார்த்தை தேடினேன்,
அகப்படவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு ரூபாயில் தொடங்கினேன்.
முதல் படமே பூஞ்சை.
டார்ச் அடித்து, கிட்டத்தில், கூச்சமில்லாமல்.
ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது, டவரும் கூடவே.
இருட்டில் கொசு விரட்டிக்கொண்டு
என் பொருளின் விலையை
முதல் முறையாக நான் பார்க்காமல் விட்டேன்.

கரண்ட் வந்தபோது
ரெண்டாயிரத்து எழுநூற்று அறுபது.
அதே ஷில்லாங்காரர்.
கமிஷனையும் கூட்டினால் என் கெட்டிக்காரத்தனத்தின் விலை
ஆயிரத்து எழுநூற்று முப்பத்திரண்டு.

பார்சல் கட்டி, போஸ்டாபீஸில் எடை போட்டு நிற்கிறேன்.
அவரிடமிருந்து ஒரு செய்தி:
போன வாரம் என்னை ஜெயித்தவர் என்ன ஆனார்?

கொஞ்சநேரம் விரல் சும்மா நின்றது.
ஒரு தரம். ரெண்டு தரம்.

பணம் கட்டவில்லை என்று எழுதினேன்.
அது உண்மைதான்.