பாலக்காரன் நீந்தியது

ஃபிரீஸ்லாந்தில் பாலம் தூக்குவது என் வேலை.
படகு வந்தால் மணி அடிப்பேன்.
வண்டிகள் முனகிக்கொண்டு நிற்க
பாதிச் சாலை எழுந்து வானத்தைப் பார்க்கும்.
தூண்டில் கயிற்றில் மரச்செருப்பைக் கட்டி
படகுக்காரர் மூக்குக்கு நேரே ஆட்டுவேன்.
இரண்டு யூரோ விழும்.
இருபத்தாறு வருடம் இப்படித்தான்
தண்ணீரை வைத்துப் பிழைத்தேன்,
அதில் கணுக்கால்கூட நனைத்ததில்லை.

போன ஆகஸ்டில் கயிறு அறுந்தது.
செருப்பைப் பிடிக்கக் குனிந்தவன்
செருப்போடு போனேன்.
ஜெர்மன்காரர் ஒருவர் படகுக் கொக்கியை
என் பெல்ட்டில் மாட்டி மேலே இழுத்தார்.
அவர் மனைவி படம் எடுத்தாள்.
செருப்பு மட்டும் நிதானமாக மிதந்துபோய்
நாணலோரம் ஒதுங்கியிருந்தது
ஒன்றும் நடக்காத மாதிரி.

அக்டோபரில் ஸ்னேக் நகரக் குளத்தில் பெயர் கொடுத்தேன்.
பெரியவர் வகுப்புக்கு ஆள் சேரவில்லை;
ஆறு வயதுக்காரர்களோடு சேர்த்துவிட்டார்கள்.
இடுப்பளவுத் தண்ணீரில் ஒன்பது பேர் துள்ள
பத்தாவதாக நான்
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் பாடம், ஊதுவது.
முகத்தை முக்கி, பட்டாணி சூப்பை ஆற்றுவதுபோல்
மெல்ல, நீளமாக.
நானோ கன்னம் உப்ப மூச்சைப் பூட்டிவைத்திருந்தேன்.
யில்டாவ், என் மகளைவிடச் சின்னவள், விசிலை எடுத்துவிட்டுச் சொன்னாள்:
"செலவழியுங்கள் விப்ரன்,
மூச்சில் கஞ்சத்தனம் பண்ணுகிறவர்தான் முங்குவார்."
வசூல்காரனிடம் சொல்கிற வார்த்தையா அது?

பிறகு தவளைக்கால்.
இழு, விரி, உதை, சேர்.
என் கால்களுக்குத் தெரிந்தது ஏணியும் சைக்கிளும்.
தண்ணீருக்குள்ளும் சைக்கிளே ஓட்டினேன்.
நெஞ்சில் பலகை, முகத்தில் வைராக்கியம்,
ஆனால் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.
முன்பல் இல்லாத நின்கே
என்னைக் கடந்து போனாள், மறுபடியும் கடந்து போனாள்,
மூன்றாம் முறை
"எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டாள்.
உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

இரவு எதிர்க்காற்றில் வீடு திரும்புவேன்.
ஈரத் தலைமுடி வழியிலேயே உறைந்து
தொட்டால் சலசலக்கும்.
குளோரின் நாற்றத்தை முகர்ந்து பார்த்துவிட்டு
நாய் தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

மல்லாந்து கிடக்கப் பழகத்தான் நாளாயிற்று.
கூரையில் பதினான்கு உத்தரங்கள்.
எண்ணுவேன், ஐந்தாவதில் இடுப்பு இறங்கும்,
ஆறாவதில் மூக்குக்குள் குளம்.
எட்டாம் வாரம், ஒரு காரணமும் இல்லாமல்,
பிடரி இளகியது.
காதுகள் முங்கின.
எங்கோ பம்பு ஓடுகிற ஓசை,
அதற்கும் அடியில் இன்னொரு பம்பு, என்னுடையது.
பதினான்கையும் எண்ணி முடித்தேன்.
திரும்ப எண்ணினேன்.
யாரும் மணி அடிக்கவில்லை.

மார்ச்சில் தேர்வு.
எங்கள் ஊரில் முதல் தேர்வே உடுப்போடுதான்;
வாய்க்காலில் விழுகிறவன்
நீச்சல் உடை போட்டுக்கொண்டா விழுகிறான்?
வேலைக்குப் போகிற கோட்டையே மாட்டினேன், சப்பாத்தும்.
குதித்ததும் கோட்டு என்னைவிட அதிகம் குடித்தது.
கைகள் இரண்டும் ஈரச் சாக்கு.
இழு. விரி. உதை.

எதிரே தண்ணீருக்குள் நீலத் தார்ப்பாய் ஒன்று தொங்கியது,
நடுவில் ஒரு துளை.
இதைத் தூக்க என்னிடம் பொத்தான் இல்லை.
மூச்சு எடுத்தேன், முங்கினேன்,
கண் திறந்தபடி
செலவழித்தேன் செலவழித்தேன்,
தோள் உரசியது, கோட்டுப் பித்தான் ஒன்று விளிம்பில் மாட்டி
விட்டது.
அந்தப் பக்கம் வெளிச்சம்
முட்டைக்கரு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

மேலே வந்து இருமி முடித்தபோது
நின்கே தரைவரை போய்த் திரும்பியிருந்தாள்.
உள்ளங்கையில் இரண்டு யூரோ.
என் பையிலிருந்து நழுவியது.
கை நீட்டினேன்.
அவள் விரலை மூடிக்கொண்டாள்.

"துளைக்குள்ளே போனீர்களே," என்றாள்,
"அதற்கு."