பித்தளை டோக்கன்

எங்கள் லைனில் நாற்பது பேர்.
பாத்ரூம் டோக்கன் ஒன்று.
மேசை ஓரத்து ஆணியில் தொங்கும்.
ஆணி காலியாக இருந்தால்
யாரோ போயிருக்கிறாள், காத்திரு.

பர்கூர் சிப்காட், செருப்புக் கம்பெனி.
மேல்தோலுக்குத் தையல் போடுகிறேன்,
நாளைக்கு முந்நூறு ஜோடி.
வயிற்றில் ஒன்று, கணக்கில் சேராமல்.

எட்டு முடிந்து ஒன்பது பிறந்ததும்
மூத்திரம் எனக்கு இன்னொரு முதலாளி.
பிள்ளையின் தலை
பையைத் தலையணையாக்கிப் படுத்திருக்கிறது என்றாள்
நர்ஸ் சகாயராணி.
தும்மினால் ஒரு சொட்டு,
சிரித்தால் ஒரு சொட்டு,
பஸ் வேகத்தடையில் ஏறினால் இரண்டு.
பயப்படாதே, இது நோய் இல்லை,
வீட்டில் இடம் பத்தல, அவ்வளவுதான்.

ராத்திரி ஐந்து தடவை எழுந்தேன்.
முதல் தடவை மாதேஷ் டார்ச்சோடு கூட வந்தான்.
மூன்றாம் தடவை டார்ச்சை மட்டும் தந்தான்.
ஐந்தாவதுக்கு நாய்கூட எழவில்லை.

கம்பெனியில் ஐந்து தடவை கேட்க முடியாது.
திலகவேணி மேடம் நோட்டில் கோடு போடுவாள்.
"உனக்கு மட்டும் என்ன தனியா?"
தனியா இல்ல மேடம், ரெண்டு பேரா,
என்று சொல்ல வாய் வந்தது.
சொல்லவில்லை.
தண்ணீரை நிறுத்தினேன்.

உள்ளே போகாதது வெளியே வராது.
காலையில் அரை டம்ளர்,
மத்தியானம் உதடு நனைக்க.
சித்திரை வெயிலில் தகரக் கூரை படபடக்கும்,
என் பாட்டில் சாயங்காலமும் நிறைந்தே இருக்கும்.
கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை
முட்டிக்கொண்டு வந்தது, விழுந்தது நாலு சொட்டு.
நாலும் மிளகாய்.
கொள்ளு வேகவைத்த தண்ணீர் நிறம், கலங்கல்,
வாடை வேறு.
"சூடு" என்றாள் பக்கத்து மெஷின் முனிரத்னா,
"வெந்தயம் ஊறவைத்து மோரில் குடி."
குடித்தேன்.
செவ்வாயும் மிளகாய்தான்.

புதன் ராத்திரி, சித்திரையில், போர்வை கேட்டேன்.
பல் கிடுகிடுத்தது.
வலப்பக்கம், விலாவுக்குக் கீழே முதுகில்,
யாரோ கட்டைவிரலை வைத்து எடுக்கவே இல்லை.
அடிவயிறு கல்லாய் இறுகியது, விட்டது, இறுகியது.
பிள்ளை அசைகிறதா என்று கை வைத்துப் பார்த்தேன்.
அசைந்தது.
அதன் பிறகுதான் அழுகை வந்தது.

சகாயராணி தூக்கக் குரலிலேயே கேட்டாள்:
எரியுதா? காய்ச்சலா? முதுகு வலிக்குதா?
ஆமாம், ஆமாம், ஆமாம்.
"விடியட்டும்னு உக்காராத. நூத்தியெட்டக் கூப்பிடு."

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி, மணி இரண்டு.
ஒரு பிளாஸ்டிக் கப் தந்தார்கள்.
முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் பிடி.
வாழ்க்கையில் முதல்முறை
ஒருவர் என் மூத்திரத்தைக் கேட்டு வாங்கினார்.

டாக்டரம்மா திட்டவில்லை.
"பையில இருந்த கிருமி கிட்னிக்கு ஏறிடுச்சு.
விட்டிருந்தா பிள்ளை அவசரப்பட்டு வந்திருக்கும்."
தலைவலி உண்டா, கண் மங்குதா என்று கேட்டு
பிரஷர் பார்த்தாள், முகம் பார்த்தாள், காலை அமுக்கிப் பார்த்தாள்.
மூத்திரம் சுத்தமாக் குறைஞ்சாலும் வா,
ரத்தம் கலந்தாலும் வா.
வாடை இல்லாம தண்ணியாக் கசிஞ்சுட்டே இருந்தா
அது மூத்திரமாவே இருக்காது.
துணியோட ஓடி வா.

நாலு நாள் ஊசி, நரம்பில்.
பக்கத்துக் கட்டிலில் ஊத்தங்கரைக்காரி.
செங்கல் சூளையில் வேலை.
அவளும் தண்ணீரை நிறுத்தியவள்தான்.
எங்களுக்கு டோக்கனே கிடையாது, என்றாள்.
பொறாமைப்பட இருந்தேன்.
பாத்ரூமும் கிடையாது, என்றாள்.

கிளம்பும்போது துணிப்பையைக் கவிழ்த்தேன்.
புதன்கிழமைச் சுடிதாரின் பையிலிருந்து
டங்கென்று விழுந்து உருண்டது
கம்பெனி டோக்கன்.

பதறிப்போய் முனிரத்னாவுக்குப் போன் போட்டேன்.
ஐயோ, நாலு நாளா என்ன பண்ணீங்க?

"என்ன பண்றது, வந்தா போறோம்.
மேடம் ஆணியவே பாத்துட்டிருக்கு.
நீ மெதுவா கொண்டா."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து
ஒரு பாட்டில் தண்ணீரை
மூச்சு விடாமல் குடித்தேன்.
டோக்கன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.